சீட்டில் பேர் வேண்டாம்

ஜூன் 2, திங்கள்

இன்றும் ஐடியா மீட்டிங். மாலை நாலு மணி, மாடியில் ஜன்னலே இல்லாத அந்த அறை. ஏசி ஓடினாலும் மூச்சு முட்டுகிறது. ஜெனரல் மேனேஜர் ஜெகதீசன் சார் "எல்லாரும் மனசு விட்டுப் பேசுங்க" என்று ஆரம்பித்து, ஒரு மணி நேரம் தானே பேசினார். நாங்கள் நால்வரும் தலையாட்டினோம். விற்பனைக்கு டோமினிக், வாடிக்கையாளர் புகார்களுக்கு பர்வீன், வடிவமைப்புக்கு வையாபுரி, இந்த மூன்றையும் சேர்த்துப் பார்க்கும் திட்டப் பிரிவுக்கு நான்.

கடைசியில் வையாபுரி வாயைத் திறந்தார். "சார், ஒண்ணு சொல்லலாங்களா..." என்பதற்குள் சார் கையை உயர்த்தினார். "சூப் மிஷின் மாதிரி இல்லீன்னா சொல்லுங்க."

எல்லோரும் சிரித்தோம். மூன்று வருஷத்துக்கு முன் வையாபுரி வடிவமைத்த சூப் மிஷின் ஓடவில்லை. திரும்பி வந்த பெட்டிகள் இன்னும் பின்பக்க ஷெட்டில் கிடக்கின்றன. அதன்பிறகு அவர் வாயைத் திறந்தாலே இந்தப் பேச்சுதான். அவரும் சிரித்துவிட்டு நோட்டை மூடினார்.

மீட்டிங் முடிந்ததும் முதலாளி தாமோதரசாமி ஐயா என்னையும் சாரையும் கூப்பிட்டார். "கிரைண்டர் விக்கறது கொறஞ்சுட்டே போகுது. தீபாவளிக்குள்ள புதுசா ஒண்ணு வரோணும். வரலீன்னா டிசைன வெளிய வாங்கிக்கலாம்னு இருக்கறன். அப்பறம் இந்தப் பிரிவு எதுக்கு?" பிறகு என்னைப் பார்த்தார். "அடுத்த வாரத்துலருந்து மீட்டிங்க நீங்க நடத்துங்கம்மா. ஜெகதீசனும் கூட உக்காரட்டும்."

சாரின் முகத்தைப் பார்க்கத் தைரியமில்லை. முடியாது என்று சொல்லவும் வாய் வரவில்லை. மகள் ஓவியா சென்னையில் இரண்டாம் வருஷம் படிக்கிறாள். நாற்பத்து நாலு வயதில் எனக்கு வேறு வேலை யார் கொடுப்பார்கள்?

வரும் வழியில் முனைக்கடையில் இட்லி மாவு பாக்கெட் வாங்கினேன். நான் கிரைண்டர் கம்பெனியில் வேலை பார்ப்பது கடைக்காரருக்குத் தெரியும். ஒவ்வொரு முறையும் சிரிக்கிறார்.

ஜூன் 3, செவ்வாய்

தண்ணீர் வந்தது. எல்லா டிரம்மும் நிரப்பியாயிற்று. கடவாய்ப் பல் வலி.

ஜூன் 5, வியாழன்

மீட்டிங் எப்படி நடத்துவது என்று கம்ப்யூட்டரில் தேடிப் படித்தேன். படித்ததைவிட, ஆட்களிடம் தனித்தனியாகக் கேட்டதில்தான் விஷயம் இருந்தது.

டோமினிக் சொன்னார்: "நாலு மணிக்கு எவனுக்கு மேடம் மூளை ஓடும்? வீட்டு நெனப்பு வந்துரும். காலையில வைங்க."

பர்வீன் சுற்றி வளைக்காமல் சொன்னாள்: "நாம வாயத் தொறக்கறதுக்குள்ள சார் தீர்ப்பு எழுதிடறாரு. அப்புறம் என்னத்த சொல்றது?"

வையாபுரியைக் கேன்டீனில் பிடித்தேன். மீட்டிங் பேச்சை எடுத்தால் நழுவுகிறார். வீட்டுக் கதை பேசினார். அவர் மனைவிக்குத் திருப்பூரில் பேங்க் வேலை, தினமும் ரயிலில் போய்வருகிறார். அதனால் ஞாயிற்றுக்கிழமை மாவாட்டுவது இவர் பொறுப்பாம். "அரைக்கறதுல ஒண்ணும் இல்லீங் மேடம். அந்த மாவ அள்ளறது இருக்குதே, அதுதான் நெம்பக் கொடும. கல்லுல ஒட்டுனது, டிரம்முல ஒட்டுனது, முழங்கை வரைக்கும் மாவு. பொழப்பே மாவள்ளறதுல போயிரும் போல." நான் சிரித்தேன். எங்கள் வீட்டில் அந்தத் தொல்லை இல்லை என்று சொல்லவில்லை.

ஜூன் 9, திங்கள்

காலை பத்து மணிக்கு முதல் மீட்டிங். என் மீட்டிங்.

புது வழக்கங்களைச் சொன்னேன். 'புதுப் பொருள் சொல்லுங்கள்' என்று பொதுவாகக் கேட்பதில்லை, ஒவ்வொரு வாரமும் ஒரே ஒரு கேள்வி. முதல் பத்து நிமிஷம் யாரும் பேசாமல் சீட்டில் எழுத வேண்டும். எல்லாச் சீட்டையும் கலந்துபோட்டு நான் படிப்பேன். படிக்கும்போது யாரும் 'ஆகாது' என்று சொல்லக் கூடாது. அடித்துத் துவைப்பதெல்லாம் அதற்குப் பிறகு. ஜெகதீசன் சார் கடைசியாகப் பேச வேண்டும்.

"எனக்கே ரூலாம்மா?" என்று சிரித்தார் சார். கண் சிரிக்கவில்லை.

வையாபுரி பேனாவைத் திறக்காமல் கேட்டார். "பேர் எழுதோணுங்களா?"

"வேண்டாங்க. சீட்டுல பேர் வேண்டாம். யாருதுன்னு யாரும் கேக்கவும் கூடாது."

அப்புறம்தான் எழுத ஆரம்பித்தார்.

இன்றைக்கு வந்தவை பெரும்பாலும் குப்பை. பாட்டுப் பாடும் கிரைண்டர், சுவரில் மாட்டும் கிரைண்டர். ஆனால் வயிறு குலுங்கச் சிரித்தோம். அந்த அறையில் ஒருவரைப் பார்த்துச் சிரிக்காமல், சேர்ந்து சிரித்தது இதுவே முதல் தடவை என்று நினைக்கிறேன்.

ஜூன் 16, திங்கள்

கிடைத்துவிட்டது!

இன்றைய கேள்வி: அரைக்கிற வேலையில் எது உங்களுக்குப் பிடிக்கவில்லை? சீட்டுகளைப் பிரித்துக்கொண்டே வந்தேன். ஒன்றில் இரண்டே வரி: 'மாவை ஏன் அள்ள வேண்டும்? அரைத்த பாத்திரத்திலேயே புளிக்கட்டும்.'

படித்து முடித்ததும் எல்லோரும் ஒரே சமயத்தில் பேசினார்கள். கல் தனியாகக் கழன்று வர வேண்டும், டிரம்முக்கு மூடி போட வேண்டும், அப்படியே ஃப்ரிட்ஜில் வைக்க வேண்டும். "டெய்லி எனக்கு வர்ற ஃபோன்ல பாதி கழுவற கஷ்டம்தான்" என்றாள் பர்வீன். "கடைக்காரன் கையில எடுத்துக் காட்டினாலே போதும், வித்துரும்" என்றார் டோமினிக்.

சார் சீட்டை என் கையிலிருந்து வாங்கி உற்றுப் பார்த்தார். "யாருதுன்னு கேக்கக் கூடாது, சரி. ஆனா இது ஒரு பொம்பள மனசுதான். மங்கை, நீங்கதானே?"

"ரூல் ரூல்தான் சார்" என்று சொல்லிச் சிரித்தேன். வேறு என்ன சொல்ல முடியும்? இல்லை என்று நான் சொன்னால், அப்புறம் ஒவ்வொருவரும் இல்லை என்று சொல்ல, கடைசியில் ஆள் வெளிப்பட்டுவிடும். அதற்கா விதி வைத்தேன்?

யார் எழுதியது என்று எனக்குத் தெரியாது. மீட்டிங் முடிந்ததும் சீட்டுகளைக் கிழித்துப் போட்டுவிட்டேன். அதுவும் விதிதான்.

ஜூன் 20, வெள்ளி

முதலாளி கூப்பிட்டார். "மங்கையர்க்கரசி! ஜெகதீசன் சொன்னாரு. இத்தன வருசமா இந்த மூளைய எங்க ஒளிச்சு வெச்சிருந்தீங்க?"

"டீம்ங்க ஐயா" என்றேன். "எல்லாரும் சேர்ந்து..."

"அதெல்லாம் தன்னடக்கம்" என்று கையை வீசிச் சிரித்தார். பக்கத்தில் சார் நின்றுகொண்டிருந்தார்.

சொல்லிவிட்டேன். டீம் என்று தெளிவாகவே சொன்னேன். அதற்கு மேல் காதில் வாங்காதவரிடம் என்ன செய்வது?

ஜூன் 23, திங்கள்

நல்ல மீட்டிங். அடியில் இருக்கும் கல்லோடு டிரம்மைத் தூக்கினால் கை கழன்றுவிடும், அந்தக் கனத்தை எப்படிக் குறைப்பது என்பது கேள்வி. அடிக்கல்லும் உருளைக் கல்லோடு சேர்ந்தே வெளியே வரட்டும், வெறும் எவர்சில்வர் டிரம் மட்டும் மிஞ்சட்டும் என்று வையாபுரி வாய்விட்டே சொன்னார். எழுந்து போய் போர்டில் வரைந்து காட்டினார். இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை.

வரைந்து முடித்துத் திரும்பியவர், என்னை ஒரு பார்வை பார்த்தார். ஏதோ கேட்பதுபோல. நான் கடிகாரத்தைப் பார்த்தேன். நேரமாகியிருந்தது.

ஜூலை 2, புதன்

பல்லைப் பிடுங்க வேண்டுமாம். ஆடி பிறந்த பிறகு பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

எனக்குத் துணைப் பொது மேலாளர் பதவி என்று பேச்சு அடிபடுகிறது. என் வீட்டுக்காரர் அதற்குள் ஊரெல்லாம் ஃபோன் போட்டுவிட்டார். "எங்க மங்கை கண்டுபிடிச்ச கிரைண்டர்" என்று தன் டயர் கடைக்கு வருகிற லாரிக்காரர்களிடம்கூடச் சொல்கிறாராம். நான் இங்கே சேர்ந்த பதினெட்டு வருஷத்தில் என் வேலையைப் பற்றி அவர் யாரிடமும் ஒரு வார்த்தை பேசியதில்லை. எப்படி நிறுத்தச் சொல்வது?

ஜூலை 10, வியாழன்

கை கழுவுமிடத்தில் பர்வீன் கேட்டாள். "மேடம், அந்த ஐடியா உங்களுதுங்களா?"

"ஏன் கேக்கறீங்க?"

"சும்மாதான்." தண்ணீரை நிறுத்திவிட்டுப் போய்விட்டாள்.

யோசித்துப் பார்த்தேன். இப்போது உண்மையைச் சொன்னால் என்ன ஆகும்? சூப் மிஷின் பேச்சு வரும். வேலை அப்படியே நிற்கும். அச்சு வார்க்கக் கொடுத்தாயிற்று, தீபாவளி நெருங்குகிறது. நான் பேசாமல் இருப்பதுதான் அவருக்கும் நல்லது. தன் ஐடியா பொருளாகி வெளியே வருவதைப் பார்க்கிறாரே, அது போதாதா ஒரு மனிதருக்கு?

மேலே 'அவர்' என்று எழுதியிருக்கிறேன். அடிக்கலாம் என்று பேனாவை எடுத்தேன். இருக்கட்டும்.

ஜூலை 21, திங்கள்

இன்று மீட்டிங் இல்லை. விளம்பரத்துக்குப் படம் எடுத்தார்கள். 'ஒரு அம்மாவின் யோசனை' என்பதுதான் வாசகம். படத்தில் நான். முகத்தில் பவுடர், மைசூர் சில்க், நெற்றியில் சந்தனக் கீற்று.

முதல் மாதிரி கிரைண்டரை மேஜையில் வைத்தார்கள். உள்ளே நிஜ மாவு. "மேடம், டெய்லி வீட்டுல பண்ற மாதிரி சாதாரணமா கல்லக் கழட்டுங்க" என்றான் போட்டோக்காரன். நான் பிடித்து இழுத்தேன். வரவில்லை. திருப்பினேன். வரவில்லை. மாவு புடவையில் தெறித்தது. ஒரு பெண் ஓடிவந்து துடைத்தாள்.

யாரோ வையாபுரியைக் கூப்பிட்டுவிட்டார்கள். வந்தார். மேஜைக்குப் பக்கத்தில் குனிந்து, படத்தில் விழாத இடத்தில் நின்றுகொண்டு, "கைய இப்படி வைங்க மேடம். கட்ட வெரல் இங்க. கொஞ்சம் அமுக்கி, எடப்பக்கமா ஒரு திருப்பு. அவ்வளவுதான்" என்றார். குரலில் கோபமில்லை. எதுவுமே இல்லை. கல் சுலபமாகக் கழன்று வந்தது.

"சிரிங்க மேடம்" என்றான் போட்டோக்காரன்.

சிரித்தேன். நிமிர்ந்தபோது வையாபுரி போய்விட்டிருந்தார்.

வீட்டுக்கு வந்து வெகு நேரம் கை கழுவினேன்.

ஜூலை 28, திங்கள்

மீட்டிங். கேள்வி கொடுத்தேன்: இந்த டிரம்மை வேறு எதற்கெல்லாம் பயன்படுத்தலாம்? பத்து நிமிஷம். எல்லோரும் தலை குனிந்திருந்தார்கள். பேனா ஓடுகிற சத்தம் கேட்கவில்லை என்பதை அப்போது நான் கவனிக்கவில்லை.

முதல் சீட்டைப் பிரித்தேன். வெற்றுக் காகிதம். யாரோ மறந்துவிட்டார்கள் என்று அடுத்ததை எடுத்தேன். அதுவும் வெற்று. மூன்றாவதும். நாலாவதில் மட்டும் 'விலையைக் குறைக்கலாம்' என்று ஜெகதீசன் சாரின் சாய்ந்த கையெழுத்து.

நிமிர்ந்தேன். டோமினிக் ஃபோனைப் பார்த்துக்கொண்டிருந்தார். பர்வீன் என்னை நேராகப் பார்த்தாள். வையாபுரி தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எல்லாருக்கும் சரக்குத் தீந்துபோச்சு போலயே" என்று சார் கடகடவென்று சிரித்தார்.

மீட்டிங்கை முடித்திருக்கலாம். ஏனோ முடிக்கவில்லை. மீதி நேரமும் உட்கார்ந்திருந்தோம். அந்த அறைக்கு ஜன்னல் வைக்காமல் கட்டியவன் யார் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப் பெருக்கு. தேங்காய் சாதம், எலுமிச்சை சாதம் கட்டிக்கொண்டு பேரூர் போனோம். ஆற்றில் தண்ணீர் போனது. சாப்பிடும்போது இவரிடம் சொல்லிவிட்டேன். அந்த ஐடியா என்னுடையதில்லை என்று.

கொஞ்ச நேரம் மென்றுகொண்டிருந்தார். "அந்தாளு கேட்டாரா?"

"இல்ல."

"சண்டைக்கு வந்தாரா?"

"இல்ல."

"அப்புறம் நீ எதுக்கு இழுத்துப் போட்டுக்கற? மச்சான், சகல, அத்தன பேருகிட்டயும் சொல்லியாச்சு. இனி போயி நான் எந்த மூஞ்சிய வெச்சுட்டுப் பேசறது?" ஊறுகாயை என் பக்கம் தள்ளினார். "சாப்புடு."

சாப்பிட்டேன்.

ஆகஸ்ட் 7, வியாழன்

இன்று நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

பதவி உயர்வுக் கடிதம் நேற்று வந்தது. அதை வாங்கிக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. முதலாளியிடம் போகத் தைரியமில்லாமல் ஜெகதீசன் சார் அறைக்குப் போனேன். "சார், அந்த மாவு ஐடியா என்னுது இல்ல."

அவர் நிமிராமலே கோப்பில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். "தெரியும். வையாபுரிது."

எதிரே இருந்த நாற்காலியில் உட்கார்ந்தேன்.

"அவன் 'ள' போடறதே தனிம்மா. இத்தன வருசமா அவன் டிராயிங்குல கையெழுத்துப் போடறவன் நான். சீட்ட வாங்கிப் பாத்தன்ல, அப்பவே தெரியும்."

"அப்புறம் ஏன் சார் என் பேரச் சொன்னீங்க?"

"அவன் பேரச் சொன்னா முதலாளிக்கு சூப் மிஷின்தான் ஞாபகம் வரும். ஐடியா அன்னிக்கே செத்திருக்கும். உங்க பேரச் சொன்னேன், பொழச்சுக்கிச்சு. அவனுக்கும் நல்லது, உங்களுக்கும் நல்லது." பேனாவை மூடினார். "நீங்களும் வேண்டாங்கலியே. சிரிச்சீங்க. நான் பாத்தேன்."

நான் இங்கே எழுதிவைத்த அதே சமாதானம். ஒரு வார்த்தை மாறாமல் அவர் வாயிலிருந்து வந்தது. சூப் மிஷினை யாரும் மறந்துவிடாதபடி வாராவாரம் பேசி வந்தவர் இதே மனிதர்தான் என்பது அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போதுதான் எனக்கு உறைத்தது.

எழப் போனேன். "உக்காருங்க, இன்னொரு விஷயம். பர்வீன் பிரிவ வெளிய ஒரு கால் சென்டருக்குக் குடுத்துடலாம்னு எனக்கு ரொம்ப நாளா எண்ணம். நான் சொன்னா முதலாளி கேக்க மாட்டாரு. உங்க மீட்டிங்குல வந்த யோசனைன்னா கேப்பாரு. வர்ற திங்கக்கெழம அவரையும் வரச் சொல்லியிருக்கறன். அப்படி ஒரு சீட்டு விழட்டும்."

"நான் எப்படி சார்..."

"எழுதிப் போடுங்க. சீட்டுலதான் பேர் இருக்காதே."

ஆகஸ்ட் 8, வெள்ளி

லீவு போட்டேன். பல் பிடுங்கியாயிற்று. வாய் மரத்திருப்பதால் யாருடனும் பேச வேண்டியதில்லை.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

பர்வீனின் வீட்டுக்காரர் சவுதியிலிருந்து வேலை போய்த் திரும்பி வந்திருக்கிறார். அவள் சம்பளத்தில்தான் குடும்பம் ஓடுகிறது. இது எல்லோருக்கும் தெரியும். சாருக்கும் தெரியும்.

எழுத மாட்டேன் என்று சொன்னால் அவர் முதலாளியிடம் உண்மையைப் போட்டு உடைப்பார். அவர் உடைத்தால் நான் திருடி. நானே உடைத்தாலும் இத்தனை நாள் வாயை மூடியிருந்த திருடிதான். எழுதிவிட்டால், அதற்குப் பிறகு ஒவ்வொரு திங்கட்கிழமையும் ஒரு சீட்டு கேட்பார்.

ஓவியா ஃபோனில், "என்னம்மா, குரலே ஒரு மாதிரி இருக்கு?" என்றாள். பல் பிடுங்கியது என்றேன்.

ஆகஸ்ட் 11, திங்கள்

நான் எழுதவில்லை. சீட்டில் எதையுமே எழுதாமல் மடித்துப் போட்டேன்.

முதலாளி மேஜையின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தார். சீட்டுகளைக் கலந்தேன். முதலாவது வெற்று. இரண்டாவதைப் பிரித்தேன். சாய்ந்த கையெழுத்து. நான் போட மாட்டேன் என்று யூகித்து அவரே எழுதிப் போட்டிருக்கிறார். சத்தமாகப் படித்தேன். படிக்காமல் மறைத்திருக்கலாம், தோன்றவில்லை. 'புகார் பிரிவை வெளி நிறுவனத்துக்குக் கொடுத்தால் செலவு குறையும்.'

பர்வீன் பேனாவை மூடி மேஜைமேல் வைத்தாள்.

"யோசிக்கக்கூடிய விசயந்தான்" என்றார் முதலாளி. "யாருது?"

"ரூல் இருக்குதுங்களே ஐயா, கேக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டு, சார் என்னைப் பார்த்துச் சிரித்தார். அன்றைக்கு நான் சிரித்தேனே, அந்தச் சிரிப்பு. முதலாளியும் என் பக்கம் திரும்பினார். "அம்மா, உங்க யோசனைங்களா?"

எழுந்து நின்றேன். ஏன் நின்றேன் என்று தெரியவில்லை. "இல்லீங்க ஐயா. இது ஜெகதீசன் சார் எழுதினது. நான் இல்ல. அந்த மாவுச் சீட்டும் நான் எழுதல. அது வையாபுரி எழுதினது. எனக்கு அன்னிக்கே தெரியும். தெரிஞ்சும் பேசாம இருந்துட்டேன்."

"நீங்க வெச்ச ரூல நீங்களே ஒடைக்கறீங்க" என்றார் சார்.

"ஆமா சார்."

முதலாளி வையாபுரியிடம் திரும்பினார். "உங்களுதா?"

"ஆமாங்."

"ஏன் சொல்லல?"

"பேர் எழுத வேண்டாம்னாங்க. எழுதலீங்."

"அதுக்கப்புறம் பேப்பர்ல வர்ற அளவுக்குப் போச்சு. அப்பவாவது வந்து சொல்லியிருக்கலாமில்ல?"

"சொல்லியிருந்தா நம்பியிருப்பீங்களா ஐயா?"

முதலாளி மேஜைமேல் கிடந்த அந்தச் சீட்டை எடுத்து பர்வீனிடம் நீட்டினார். "இதுக்கு நீங்க என்ன சொல்றீங்க?"

பர்வீன் அதை வாங்கவில்லை. "டெய்லி நான் எடுக்கற ஃபோன்ல திட்டறவங்க சொல்றதுதான் ஐயா இந்த ரூம்ல கேள்வியா வருது. அந்த ஃபோன வெளிய குடுத்துட்டா, நீங்க என்ன கேள்வி கேப்பீங்க?"

முதலாளி சீட்டை நாலாக மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "இந்தப் பேச்சு இப்ப வேண்டாம்." வாசல் வரை போனவர் நின்றார். "விளம்பரம் அச்சாயிருச்சும்மா. மாத்த முடியாது. எனக்கு தீபாவளிக்குக் கிரைண்டர் விக்கோணும். பதவிக் கடிதத்த மட்டும் திருப்பிக் குடுத்துருங்க."

எல்லோரும் எழுந்து போனார்கள். நான் மீதிச் சீட்டுகளைப் பொறுக்கிக் கிழித்துப் போட்டேன்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

கடிதத்தைக் கொடுத்துவிட்டேன். கேன்டீனில் தனியாகச் சாப்பிட்டேன். வையாபுரியிடம் போய், "மன்னிச்சுக்குங்க" என்றேன். "சரிங் மேடம்" என்று சொல்லிவிட்டு அளவுகோலை எடுத்துக்கொண்டார். சரி என்பதற்கு என்ன அர்த்தம் என்று கேட்க முடியவில்லை.

வீட்டில் சொன்னதும் இவர் ரிமோட்டை எடுத்துக்கொண்டார். டிவி சத்தம் மட்டும்.

ஆகஸ்ட் 30, சனி

மீட்டிங் இனி பர்வீன் நடத்த வேண்டும் என்று முதலாளி சொல்லிவிட்டார். நான் வெறும் உறுப்பினர். ஜெகதீசன் சாரை ஒன்றும் செய்யவில்லை. அடுத்த மார்ச்சில் ஓய்வு பெறுகிறார், அதுவரை இருக்கட்டும் என்று விட்டிருக்கிறார்கள். லிஃப்டில் எனக்கு வணக்கம் சொல்கிறார்.

செப்டம்பர் 14, ஞாயிறு

அவினாசி ரோட்டில் ஒரு ஹோட்டலில் டீலர்கள் கூட்டம். வாசலிலேயே ஆள் உயரத்துக்கு நான். மைசூர் சில்க், சந்தனக் கீற்று, கையில் கல். உள்ளே போக அந்தப் படத்தைத் தாண்டித்தான் போக வேண்டும்.

மேடையில் வையாபுரிதான் செய்து காட்டினார். முதலாளி மைக்கில் அவர் பேரைச் சொல்லி, "இத யோசிச்சவரு இவருதான்" என்றார். கட்டை விரலால் அமுக்கி, இடப்பக்கமாக ஒரு திருப்பு. கல் கழன்றது, மூடி போட்டார், ஒற்றைக் கையில் டிரம்மைத் தூக்கிக் காட்டினார். கைதட்டல் ஓயவே இல்லை. அவர் மனைவி முன்வரிசையில் உட்கார்ந்து ஃபோனில் படம் எடுத்துக்கொண்டிருந்தார்.

சாப்பாட்டு இடத்தில் ஈரோட்டு டீலர் ஒருவரின் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டார். "நீங்கதானே கண்டுபுடிச்சது? போட்டோவுல பாத்தனுங்க."

"இல்லீங்க. மேடையில காட்டினாரே, அவர்தான்."

"அட, இவ்வளவு பண்ணிப்போட்டு எத்தன தன்னடக்கம் பாருங்க!" என்று பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார். இன்னொரு முறை சொன்னேன். இன்னும் பலமாகச் சிரித்தார்.

பஸ்ஸின் பின்பக்கத்திலும் ஒட்டியிருக்கிறார்கள். காந்திபுரத்தில் சிக்னலில் நிற்கும்போது எனக்கு முன்னால் நானே நிற்கிறேன். இது தீபாவளி வரைக்கும் இருக்கும். பொங்கல் வரைக்கும்கூட.

செப்டம்பர் 22, திங்கள்

பர்வீன் மீட்டிங்கைக் கீழே, சரக்கு இறக்கும் முற்றத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டாள். வெளிச்சம், லாரிச் சத்தம், டீ. வழக்கத்தையும் ஒரு இடத்தில் மாற்றிவிட்டாள். எழுதும்போது பேர் வேண்டாம். ஆனால் படித்து முடித்ததும், வேண்டுமென்றால் எழுதினவர் கை தூக்கலாம். தூக்கினவர் பேரை அவள் அங்கேயே போர்டில் எழுதிவிடுவாள்.

கேள்வி: தனியாக இருப்பவர்களுக்கு என்ன தேவை? என் முன்னால் ஒரு சீட்டு. எழுத உட்கார்ந்தபோதுதான் ஒன்று தெரிந்தது. இத்தனை மீட்டிங் நடத்தினேனே, எனக்கென்று ஒரு சீட்டுகூட எழுதிப் போட்டதில்லை. மற்றவர்களுடையதைப் படித்ததோடு சரி. பத்து நிமிஷமும் போதவில்லை. கடைசி நிமிஷத்தில் கிறுக்கிப் போட்டேன்.

பர்வீன் படித்துக்கொண்டே வந்தாள். என்னுடையது நாலாவதாக வந்தது. 'ஒரு ஆளுக்கு ஒரு வேளைக்கு மட்டும் அரைக்கிற, கையடக்கமான, பேட்டரியில் ஓடுகிற கிரைண்டர்.' எல்லாம் படித்து முடித்துப் பேச்சு ஆரம்பித்தபோது டோமினிக், "அந்தப் பேட்டரி விஷயம் யாரு?" என்றார். ஜெகதீசன் சார் டீயை உறிஞ்சிக்கொண்டே என்னைப் பார்த்தார்.

கை தூக்கினேன். "என்னுது."

பர்வீன் போர்டில் 'மங்கை' என்று எழுதினாள். 'மேடம்' போடவில்லை.

வையாபுரி நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். ஆகஸ்டுக்குப் பிறகு அவர் என் முகத்தைப் பார்த்துப் பேசியது இதுதான் முதல் தடவை.

"இது ஓடாதுங் மேடம்" என்றார். "ஏன்னு சொல்லட்டுங்களா?"

"சொல்லுங்க."

சொன்னார். பேட்டரி தாங்காது என்றார், கல்லின் கனம் என்றார், சூடேறினால் மாவு கெடும் என்றார். என் பேனாவை வாங்கி என் சீட்டின் பின்பக்கத்திலேயே படம் வரைந்து, எந்த இடத்தில் தப்பு என்று காட்டினார். வெளியே ஒரு லாரி பின்னால் வந்து நின்றது. அவர் குரலை உயர்த்தித் தொடர்ந்து பேசினார். நானும் நாற்காலியைக் கொஞ்சம் அருகே இழுத்துப் போட்டுக்கொண்டேன்.